சாலையில் இறங்கிய முக்குளிப்பான்கள்

அன்பு மகளுக்கு,

நீ காய்ச்சல் சளி ஒன்றுமில்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நல்லபடியாக இருப்பாய் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன். இங்கே அப்பாவும் நானும் சுகம். உன் மனம் ஆறட்டும் என்று எழுதுகிற சுகம் இல்லை, நிஜமாகவே சுகம். உன் சித்தப்பா போனில் உன்னிடம் சொன்னதை நீ எனக்குத் திருப்பிச் சொன்னபோது எனக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. அண்ணனுக்குப் பறவைப் பைத்தியம் பிடித்துவிட்டது, பஸ்ஸை நடுரோட்டில் விட்டுவிட்டு ஏரியில் இறங்கிவிட்டார், வேலையும் போய்விட்டது என்றாராம். அதில் பஸ்ஸும் ஏரியும் மட்டும்தான் உண்மை. போனில் விளக்கலாம் என்றால் நீ குறுக்கே குறுக்கே கேள்வி கேட்பாய், அப்பா பக்கத்தில் நின்று திருத்துவார், நான் சொல்ல வந்தது பாதியில் நிற்கும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

அப்பா காலை முதல் வண்டி ஓட்டுவதும், நான் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவுக்கு அதே வண்டியில் போவதும் உனக்குத் தெரிந்ததுதான். இந்தக் குளிர்காலம் தொடங்கியதிலிருந்து அவர் கடைசி நிறுத்தத்தில் டீ குடிப்பதை விட்டுவிட்டு ஏரிக்கரைக் கம்பியில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார். எங்கெங்கிருந்தோ பறவைகள் வந்து இறங்குகின்றன. ஒரு நீர்நாய் மீனைப் பிடித்துக் கரையேறி, தலையிலிருந்து தின்று முடித்து, மூஞ்சியைப் புல்லில் துடைத்துக்கொண்டு போனதாம். வீட்டுக்கு வந்து இதையெல்லாம் ஒன்று விடாமல் சொல்வார். முன்பு பயணிகள் போடுகிற சண்டையைச் சொல்வார், இப்போது வாத்துகள் போடுகிற சண்டை. கேட்கிற எனக்கு இரண்டும் ஒன்றுதான் என்று காய் நறுக்கிக்கொண்டே ம் கொட்டிக்கொண்டிருப்பேன்.

அன்று கை நீட்டினால் கை தெரியாத பனிமூட்டம். இரவெல்லாம் தூறி ரோடு முழுக்க ஈரம், விளக்கு வெளிச்சத்தில் கண்ணாடி மாதிரி மின்னியது. ஏரிக்கரை ரோட்டில் பாதி தூரம் போயிருப்போம், வண்டி மெல்ல நின்றது. எதிரே ரோடு நெடுக யாரோ கருங்கற்களை இறைத்துவிட்ட மாதிரி கிடந்தது. கண்டக்டர் இறங்கிப் போய்க் குனிந்தார், கற்களெல்லாம் கழுத்தை நீட்டின. அத்தனையும் பறவைகள். எழுந்திருக்கப் பார்க்கின்றன, முடியவில்லை. கால் என்னவோ வால் பக்கத்தில் கொண்டுபோய்ப் பொருத்திய மாதிரி இருக்கிறது, இரண்டடி தத்தி நெஞ்சு தரையில் மோத விழுகின்றன. எங்களுக்கு முன்னால் போன ஏதோ லாரி நாலைந்தை நசுக்கிவிட்டும் போயிருந்தது. எல்லாவற்றுக்கும் இறக்கை ஒடிந்துவிட்டது போல என்றார் கண்டக்டர். எனக்கோ ஆஸ்பத்திரியில் மலை போல விரிப்புகள் காத்திருக்கின்றன, புதிதாக வந்திருக்கும் மேற்பார்வையாளரம்மா வாசலிலேயே நிற்பாள். முன் சீட்டில் இருந்தபடியே, ஹாரன் அடித்தால் பறந்துவிடும், வண்டியை எடுங்கள் என்று சத்தமாகச் சொன்னேன். உன் அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வண்டியை ரோட்டுக்குக் குறுக்கே திருப்பி நிறுத்தி, விளக்குகளை விட்டு விட்டு எரியும்படி போட்டு, ஏரிக்கரைப் பலகையில் எழுதியிருக்கும் விலங்கு டாக்டரின் எண்ணுக்கு போன் போட்டார்.

டாக்டரம்மா தூக்கக் கலக்கத்திலும் தெளிவாகச் சொன்னாராம். இதற்கு முக்குளிப்பான் என்று பெயர், இரவில் கூட்டமாகப் பறக்கும்போது மேலிருந்து பார்த்தால் ஈர ரோடு தண்ணீர் மாதிரித் தெரியும், நம்பி இறங்கிவிடும், இறங்கினால் தரையிலிருந்து அதனால் எழும்ப முடியாது, தண்ணீர்மேல் ஓடித்தான் பறக்க வேண்டும், ஒன்றும் ஒடியவில்லை, துணி போட்டுத் தூக்கிக்கொண்டுபோய் ஏரியில் விடுங்கள், அலகு கண்ணுக்கு வரும், ஜாக்கிரதை. அவ்வளவுதான், வண்டியில் பாதிப் பேர் இறங்கிவிட்டார்கள். காய்கறிக்காரம்மா சாக்கை உதறிக் காலி செய்தார், தையல்காரர் தைத்து முடித்துக் கொடுக்கக் கொண்டுபோன புதுச் சட்டைகளைப் பார்த்தார், பிறகு தன் கோட்டைக் கழற்றினார். நான் இறங்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஊரே குனிந்து நிற்கும்போது ஒருத்தி மட்டும் சீட்டில் உட்கார்ந்திருந்தால் நன்றாக இருக்காதே என்று சால்வையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். தூக்கினால், உலர்த்தும் இயந்திரத்திலிருந்து அப்போதுதான் எடுத்த தடித்த துண்டு போல ஒரு சூடு, ஒரு கனம். அதன் இதயம் என் உள்ளங்கையிலேயே அடித்தது. சால்வையையும் தாண்டிக் கட்டை விரலில் நன்றாகப் போட்டது ஒரு கொத்து. முன்பக்கச் சீட்டெல்லாம் பறவைகளுக்கு, மனிதர்கள் நின்றுகொண்டு, அப்படியே படித்துறை வரை வண்டியை ஓட்டிப்போய் ஒவ்வொன்றாக விட்டோம். நான் விட்டது தண்ணீரைத் தொட்டதும் முங்கியது, முங்கியதுதான், வரவே இல்லை. பாவி, நானே கொன்றுவிட்டேன் என்று தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு எங்கோ தூரத்தில் தலையை நீட்டி உதறிக்கொண்டு, இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனது.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதைதான். கடைசி சீட்டில் ஒரு பெண் பிள்ளை ஃபைலை மார்போடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். ஆய்வுக்கூட உதவியாளர் வேலைக்கு அன்று எழுத்துத் தேர்வு. எவ்வளவு நேரமாகும் என்று கண்டக்டரிடம் இரண்டு தடவை கேட்டிருக்கிறாள், அவரும் இதோ, இதோ என்றிருக்கிறார். அவள் போய்ச் சேர்ந்தபோது வாயிற்கதவைப் பூட்டிவிட்டார்கள். டிப்போவில் அப்பாமேல் புகார் எழுதிக் கொடுத்துவிட்டாள். விசாரணை முடியும்வரை அப்பா வண்டி எடுக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. இதைத்தான் உன் சித்தப்பா வேலை போய்விட்டது என்று ஒலிபரப்பு செய்தது.

விசாரணைக்குப் பயணி என்ற முறையில் என்னையும் கூப்பிட்டார்கள். வண்டியை எடுக்கச் சொல்லி யாராவது வற்புறுத்தினார்களா என்று அதிகாரி அப்பாவைக் கேட்டார். அப்பா முகத்தை ஆட்டாமல் அசைக்காமல், "ஒருத்தங்க சொன்னாங்க சார், என் வீட்டுக்காரம்மா" என்றார். அதிகாரி குனிந்து சிரிப்பை விழுங்கினார், எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அப்புறம் அந்தப் பெண்ணைப் பேசச் சொன்னார்கள். அழுவாள், இல்லாவிட்டால் கத்துவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை.

"பறவைங்களைக் காப்பாத்தினது தப்புன்னு நான் சொல்லல சார். டாக்டருக்கு போன் போட்டவர் டிப்போவுக்கும் ஒரு போன் போட்டிருந்தா வேற வண்டி வந்திருக்கும். நான் எழுதியிருப்பேன்."

அப்பா அவள் பக்கம் திரும்பினார். "நீ சொல்றது சரிம்மா. எனக்கு அது தோணவே இல்ல" என்றார். அவ்வளவுதான். அவருக்காக வாதாடத் தயாராக வந்திருந்த சங்கத்துக்காரர் காகிதங்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். குளிர்காலம் முடியும் வரை ஓட்டக் கூடாது, டிப்போவிலேயே வேலை என்று தீர்ப்பு. திரும்பி வரும்போது, மறுபடி இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். முதலில் டிப்போ, அடுத்து டாக்டர் என்றார். அந்தப் பெண் அடுத்த தேர்வுக்கு எழுதிப் போட்டிருக்கிறாளாம், இப்போதும் அதே வண்டியில்தான் வருகிறாள், என்னைப் பார்த்தால் லேசாகத் தலையசைப்பாள், நானும் அசைப்பேன், அதற்கு மேல் பேச்சில்லை.

நான் பயந்தது வேலைக்கு இல்லை, தெரியுமா. தீர்ப்பு வருவதற்கு முன் வீட்டில் சும்மா இருந்த அந்த நாட்கள்தான் என்னைப் பயமுறுத்தின. சமையலறை ஜன்னல் பக்கம் நிற்பார், வெளியே மரத்தில் குருவி கத்தும், கண் அங்கே போகாது. சாப்பாட்டைப் போட்டால் சாப்பிடுவார், எடுத்தால் எழுந்துவிடுவார். உப்பு இல்லாமல் ஒரு நாள் வைத்துப் பார்த்தேன், அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

டிப்போவில் அவருக்குக் கழுவுகிற பகுதியும் கிடங்கும் பொறுப்பு. பின்பக்கம், வண்டிக்கு அடியில் நின்று பழுது பார்க்கிற பழைய பள்ளம் ஒன்று வெகுநாளாக மூடிக் கிடக்கிறது, பக்கத்தில் படி, ஒரு இரும்புக் கதவு. அதைச் சுத்தம் செய்து பழைய டயர்களை அடுக்கச் சொன்னார் மேலாளர். அப்பா டார்ச்சோடு இறங்கியிருக்கிறார். சுவர் விரிசலில் வவ்வால்கள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தலைகீழாக, ரோமத்தின் மேல் பனித்துளி பூத்திருக்கிறது, மூச்சு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. டார்ச்சை அணைத்துவிட்டு மேலே வந்து அதே டாக்டரம்மாவுக்கு போன் போட்டாராம். குளிர் முடிகிறவரை தூங்கும், உடம்பில் சேர்த்து வைத்திருக்கிற கொழுப்பில்தான் உயிர் ஓடுகிறது, நடுவில் எழுப்பினால் அது தீர்ந்துபோகும், வெளியே தின்னப் பூச்சியும் இருக்காது, செத்துவிடும் என்றாராம். கேட்டுவிட்டு உடனே மேலாளரிடம் ஓடவில்லை உன் அப்பா. முதலில் கிடங்கைச் சுற்றிச் சுற்றி வந்து, உடைந்த சீட்டுகளை ஒரு ஓரமாக ஏற்றி அடுக்கி, அந்த டயர் அத்தனைக்கும் இடம் பண்ணியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் போய், டயர் வைக்க இடம் தயார் சார், பள்ளத்தை மட்டும் வெயில் வரும்வரை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறார். மேலாளர் இடத்தைப் பார்த்தார், சரி என்றார், விஷயம் முடிந்தது. கதவில் "உள்ளே தூங்குகிறார்கள்" என்று அப்பா எழுதி ஒட்டியிருக்கிறார். மெக்கானிக்குகள் அதை டிரைவர்கள் ஓய்வறை என்று சொல்லிச் சிரிக்கிறார்களாம். ஒரு தடவை பார்த்ததோடு சரி, அவரும் அந்தக் கதவைத் திறப்பதில்லை. வேலை முடிந்து கிளம்பும்போது கதவுக்கு வெளியே கொஞ்சம் நின்றுவிட்டு வருகிறார்.

இனி உன் விஷயம். அவரை ஓய்வு வாங்கிக்கொண்டு உன்னோடு வந்து இருக்கச் சொல்லி மறுபடி ஆரம்பிக்காதே. குளிர் விட்டதும் வண்டி எடுப்பார், எடுக்கட்டும். நீ ஈரத் துணியை ஹீட்டர்மேல் போட்டு உலர்த்துவதாகச் சொன்னாயே, அதை முதலில் நிறுத்து, கொடி கட்டு. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி பின்னி அனுப்புகிறேன், கலர் பிடிக்கவில்லை என்று அலமாரியில் போடாமல் கால்களில் போடு. நல்ல சிநேகிதமும் நல்ல உறக்கமும் உனக்கு எந்நாளும் அமையட்டும் கண்ணே, உன் கை தொட்டதெல்லாம் நன்றாக வரட்டும். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் போன் போடாதே. அப்பா மறுபடி பேச ஆரம்பித்திருக்கிறார், அப்போதுதான் பேசுகிறார்.

இப்படிக்கு,
உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா