அம்மா கையை எடுத்தாள்

மார்ஸ்டல்,
மே மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் டாக்னிக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்ற தைரியத்தில்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு முட்டிவலி தவிர ஒரு குறையும் இல்லை, அம்மா என்னைவிட நன்றாக இருக்கிறாள், ஏன் என்று போகப்போகத் தெரியும். நியூசிலாந்தில் இப்போது குளிர் தொடங்கியிருக்குமே, ஈரத் தலையோடு வெளியே போகாதே. அம்மா பின்னிய கம்பளிக் காலுறை தபாலில் வருகிறது, அளவு பெரிதாக இருந்தால் மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிடு.

விஷயத்துக்கு வருகிறேன். உனக்குக் கணக்கு எடுத்த தூரா டீச்சர் தன் பாய்மரப் படகை விற்கிறார். சின்னது, மரத்தாலானது, உன்னைவிட வயதில் மூத்தது, இரண்டு பேர் படுக்கலாம், குனிந்துகொண்டே காபி போடலாம், கரையோரமாகத் தீவுக்குத் தீவு போய்வரத் தோதானது. உன் அம்மா கேப்டன் வீட்டுப் பெண், நடை பழகும்போதே பாய்க் கயிறு பிடித்தவள். என்னைக் கட்டிக்கொண்ட பிறகு படகை மறந்தே போனாள் என்று நினைத்திருந்தேன். எனக்கோ தண்ணீரைப் பார்த்தாலே வயிறு கலங்கும், பயணிகள் கப்பலில்கூட நடுவில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்கிறவன். ஆயுள் முழுக்க பஸ் ஓட்டியவன், பிரேக் இல்லாத வண்டியில் ஏற மாட்டேன் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன், நீயே கேட்டுச் சிரித்திருக்கிறாய்.

போன வாரம் படகைப் பார்க்கப் போனோம், கரையில் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். நாங்கள் படகைப் பார்க்கப் போனால் டீச்சர் எங்களைப் பார்க்கிறார், பெண் கொடுக்கிற வீட்டார் மாதிரி. குளிர்காலத்துல எங்க நிறுத்துவீங்க, வருஷா வருஷம் வார்னிஷ் யார் அடிப்பா, உள்ள உட்கார்ந்து சண்டை போட்டா யார் முதல்ல இறங்கி வருவீங்க என்றெல்லாம் கேள்வி. கடைசியில் என்னைக் காட்டி, இவரு ஏறுவாரா, இல்ல கரையில நின்னு கையாட்டுறதோட சரியா என்றார். நான் நல்லபிள்ளையாக, கையாட்டுறேன், அவ தாராளமா வாங்கட்டும் என்றேன். அம்மா ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள், நீ ஏறலைன்னா எனக்கு வேண்டாம் ஐனர், தனியா போய் தனியா திரும்பி வர்றதுக்கு ஒரு படகா என்று. கோபமே இல்லாமல் சொன்னாள், அதுதான் என்னைச் சுட்டது. நாளை திங்கட்கிழமை ஜெர்மனியிலிருந்து வேறு யாரோ பார்க்க வருவதாக டீச்சர் சொன்னார், ஆக அம்மாவின் ஆசை என் வயிற்றுக் கலக்கத்தில் வந்து நின்றுவிட்டது.

பேச்சை மாற்றக் குனிந்து படகின் அடியைப் பார்த்தேன் டாக்னி. தண்ணீரில் மிதக்கும்போது கண்ணுக்கே தெரியாத ஒரு பெரிய இரும்புக் கட்டை, என் இடுப்பு உயரம், படகின் பாதி எடை அதில்தான் இருக்கிறதாம், படகைக் கவிழ விடாமல் பிடிப்பதும் அதுதானாம். இத்தனை நாள் துறைமுகத்தில் வெள்ளைப் பாயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேனே என்று தொட்டுப் பார்த்தேன், ஐஸாகக் குளிர்ந்தது. சரி, ஒரு தடவை வர்றேன் என்று வாய் சொல்லிவிட்டது.

நேற்று படகைத் தண்ணீரில் இறக்கினார்கள், மூவரும் போனோம். துறைமுகச் சுவரைத் தாண்டியதும் காற்று பிடித்துக்கொண்டது, படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது, விளிம்பை நக்கிக்கொண்டு தண்ணீர் ஓடுகிறது, நான் கம்பியைக் கட்டிக்கொண்டு நிறுத்து நிறுத்து என்று கத்துகிறேன். டீச்சர் சாவகாசமாக ரொட்டியும் மீனும் சாப்பிடுகிறார். அம்மா என்னைப் பார்த்து, பிரேக்தானே கேட்ட, இதோ பாரு என்று சுக்கான் பிடியிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துவிட்டாள். ஓடுகிற பஸ்ஸில் ஸ்டியரிங்கை விட்டால் என்ன ஆகும், செத்தோம் என்று நினைத்தேன். படகு தானாகக் காற்றைப் பார்த்துத் திரும்பியது, தானாக நிமிர்ந்தது, பாய் படபடவென்று அடித்துக்கொள்ள அப்படியே நின்றது. யாரும் தொடவில்லை டாக்னி, யாருமே தொடவில்லை. பக்கத்தில் உஸ்ஸென்று ஒரு சத்தம், டால்பின் மாதிரியான கடல்பன்றி ஒன்று கறுப்பு முதுகைக் காட்டி மூச்சு விட்டுவிட்டுப் போனது. 

திரும்பி அம்மாவைப் பார்த்தேன். கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள், முடியெல்லாம் கலைந்து, கன்னம் சிவந்து. இத்தனை வருஷம் ஒரே மேஜையில் சாப்பிட்டிருக்கிறேன், இந்த முகத்தை நான் பார்த்ததில்லை. அந்தக் கடலைவிட அவளைப் பார்க்கத்தான் எனக்குப் பிரமிப்பாக இருந்தது, வெட்கமில்லாமல் உனக்குச் சொல்கிறேன். என்ன ஐனர், கரைக்குப் போகலாமா என்றாள். இன்னொரு தடவை சாய்ச்சுக் காட்டு என்றேன். டீச்சர், சரி, அப்ப ஜெர்மனிக்காரங்களை வர வேண்டாம்னு சொல்லிடறேன் என்று வாயைத் துடைத்துக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார், அவருக்கும் வருத்தம் இருக்காதா.

விடுமுறைக்குக் கட்டாயம் வாருங்கள். கறுப்பு அடி போட்ட செருப்பு எடுத்து வராதே, மேல்தளத்தில் கறை பிடிக்கும், இப்போதே அம்மா என்னை வெறுங்காலோடுதான் ஏற்றுகிறாள். எந்தக் கரையில் இருந்தாலும் உங்கள் இருவருக்கும் நல்ல காற்றும் நல்ல தூக்கமும் கிடைக்கட்டும், கடவுள் துணை இருக்கட்டும். இன்னும் எழுதலாம், ஆனால் அம்மா வாசலில் நின்று, காற்று திரும்பிடுச்சு, வர்றியா இல்லையா என்கிறாள். போகிறேன்.

உன் அன்பு அப்பா,
ஐனர்