உன் கேஸ் பேப்பர், என் கை

அக்கா,

இன்று சாயங்காலம், நம் சந்து முனையில் புதிதாகத் திறந்திருக்கும் முனிசிபல் தவாகானா என்ற சின்ன ஆஸ்பத்திரியில் என் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றினார்கள். அது இறுக இறுக உன் நினைப்புதான் வந்தது. பட்டை எனக்குப் புதிதில்லை. ஒன்றரை வருஷம் உனக்காக இதே கையைத்தான் நீட்டினேன்.

உனக்குப் பிரஷர் என்று முதலில் சொன்னது பெரிய ஆஸ்பத்திரியில். அன்று நாம் இரண்டு பேரும் போனோம். காலை ஆறரைக்கே கேஸ் பேப்பர் சீட்டு வாங்குகிற வரிசையில் நின்றும், டாக்டரைப் பார்த்து மாத்திரையோடு வெளியே வர மத்தியானம் தாண்டிவிட்டது. மறுநாள் பேக் தைக்கும் பட்டறையில் உன் தையல் மிஷினில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். அந்த இடத்தைத் திரும்பப் பிடிக்க நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். சந்து டாக்டரிடம் போகலாம் என்றால், அவர் எந்த வியாதிக்கும் ஓர் ஊசியைப் போட்டு அனுப்புகிறவர்.

அடுத்த மாதம் நீதான் வழி சொன்னாய். "ஏளா, ஒனக்கு மத்தியானத்துக்கு மேலதான வேல? இந்தியும் வரும். என் பேப்பர எடுத்துக்கிட்டு நீ போயிட்டு வா. அங்க மூஞ்சியவா பாக்கப் போறாவ?"

யாரும் பார்க்கவில்லைதான். டாக்டர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். உன் பெயரைக் கூப்பிட்டால் நான் எழுந்து போவேன். அளந்து பார்க்காமல் மாத்திரை எழுதித் தரமாட்டார்கள், கையை நீட்டுவேன். என் பிரஷரை உன் பேப்பரில் எழுதுவார்கள். ஏதோ பெரிய சாமர்த்தியம் செய்த பெருமையோடு வீடு திரும்புவேன்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு டாக்டரம்மா சந்தோஷமாகச் சொன்னாள்: "பஹுத் அச்சா. அப் ஏக் கோலி பஸ் ஹை." இனி ஒரு மாத்திரை போதுமாம், இரண்டு ஒன்றாகிவிட்டது. அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். பேப்பரைக் கிழித்துவிடுவார்களோ, போலீஸைக் கூப்பிடுவார்களோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டு வந்தேன். நீயோ வயிறு குலுங்கச் சிரித்தாய். "டாக்டருக்குக் கைராசி உண்டோ இல்லியோ, ஒனக்கு உண்டுளா" என்று சொல்லி நெத்திலிக் கருவாடு வறுத்துப் போட்டாய். தலைவலி என்று நீ நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டேதான் அதைத் தின்றேன்.

அடுத்த மழைக்காலத்தில் மிஷின் மேலேயே சாய்ந்துவிட்டாய். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். மூன்றாம் நாள் போய்விட்டாய். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.

போன மாதம் உன் மகன் சாமுவேலுக்கும் பிரஷர் என்று கம்பெனி செக்கப்பில் தெரிந்தது. மாத்திரையைத் தொடமாட்டேன் என்கிறான் என்று உன் மருமகள் அழுதுகொண்டு வந்தாள். நான் போய்க் கேட்டேன்.

"விடுங்க சித்தி. அம்மா மாசாமாசம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போச்சு. பேப்பர்ல எல்லாம் நார்மல்னுதான் எழுதியிருக்கு. என்ன ஆச்சு? இந்த கோலியெல்லாம் சும்மா டைம்பாஸ்."

அந்தப் பேப்பரைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறான், அக்கா. அதில் இருக்கிற எண்கள் எல்லாம் என்னுடையவை. சொன்னால் இனி அவன் முகத்தில் விழிக்க முடியாது. சொல்லாவிட்டால் நீ போன வழியில் அவனும் போவான்.

சொல்லிவிட்டேன். "அது ஒங்கம்மா பிரஷர் இல்லய்யா. எனக்குப் பாத்தது. ஒங்கம்மாவுக்கு ஒருத்தரும் பாக்கவே இல்ல."

பேப்பரில் இருந்த எண்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு, "எந்திரிச்சுப் போங்க" என்றான். அன்றிலிருந்து எதிரே வந்தால் தலையைத் திருப்பிக்கொள்கிறான். அவன் மேல் எனக்கு வருத்தமில்லை. நானாக இருந்தால் அடித்திருப்பேன்.

இன்று தவாகானா வரிசையில் எனக்கு முன்னால் அவன் நின்றான். வேலை முடிந்து நேராக வந்திருக்கிறான். இங்கே சாயங்காலமும் பார்க்கிறார்கள், யாருடைய மிஷினும் பறிபோக வேண்டியதில்லை. ஒரே வருஷம் முந்தித் திறந்திருக்கக் கூடாதா? என்னைப் பார்த்துவிட்டு முன்பக்கம் திரும்பிக்கொண்டான். பெயரைக் கூப்பிட்டதும் சட்டைக் கையை மேலே ஏற்றிவிட்டுத் தன் கையை நீட்டினான்.

கைராசி என்றாயே அக்கா, அந்தக் கையைத்தான் இன்னும் சுமந்துகொண்டு திரிகிறேன். இப்போது எனக்கும் பிரஷர் ரொம்ப அதிகம் என்று இன்று எழுதித் தந்திருக்கிறார்கள். இந்த முறை என் பெயரில்.