அண்ணி ஏணி ஏறிய கதை

பிப்ரவரி 3

நாத்தனார் அவர்களுக்கு,

இங்கு எல்லோரும் நலம். பையனுக்கு மூன்று மாதம் முடிந்துவிட்டது. கன்னத்தைப் பார்த்துப் ‘பன்னு’ என்றே கூப்பிடுகிறோம்.

ஃபோனில் பேசினால் போன வருடம் மாதிரி சண்டையில்தான் முடியும், அதனால் எழுதுகிறேன். “புள்ள பொறந்தப்புறமும் அந்த வேலை எதுக்கு அண்ணி? ஒரு பிசியோதெரபிஸ்ட்டா சொல்றேன், உடம்பு தாங்காது” என்றீர்கள். அது இன்னும் எனக்கு ஆறவில்லை. ஆனால் உடம்பைப் பற்றிக் கேட்க உங்களை விட்டால் ஆளில்லை.

ஜூலை பத்தாம் தேதி தீயணைப்பு நிலையத்தில் எனக்குத் தகுதித் தேர்வு. தண்ணீர்க் குழாய்ச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று மாடி உயர ஏணி ஏற வேண்டும். தேறினால்தான் மறுபடி தீயணைப்பு வண்டியில் ஏறலாம். இல்லையென்றால் அலுவலக மேஜைதான். டாக்டரம்மா உடற்பயிற்சிக்குச் சரி என்றுவிட்டார். நானும் தினமும் தரையில் படுத்துப் படுத்து எழுகிறேன். எழும்போது வயிற்றின் நடுவே ஒரு மேடு துருத்திக்கொண்டு நிற்கிறது. ஏன்?

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மனைவி

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணி,

முதலில் அந்தப் படுத்து எழுவதை நிறுத்துங்கள்! கர்ப்பத்தில் விலகிய வயிற்றுத் தசை இன்னும் கூடவில்லை, அதுதான் மேடு. மல்லாந்து படுத்து, தலையை லேசாகத் தூக்கி, தொப்புளுக்கு மேலே விரல் வைத்துப் பாருங்கள். எத்தனை விரல் இறங்குகிறது?

இனி இப்படிச் செய்யுங்கள். முழங்காலை மடக்கிப் படுத்து, பன்னுவை உங்கள் தொடையில் சாய்த்து உட்கார வையுங்கள். அவன் முகம் பார்த்து ‘ஃபூ’ என்று மூச்சை விட்டபடி தொப்புளை உள்ளே இழுங்கள். பத்து முறை. அவன் தூங்கட்டும் என்று காத்திருந்தால் நீங்கள் செய்யவே மாட்டீர்கள்.

போன வருடம் சொன்னது பிசியோதெரபிஸ்ட்டாகச் சொன்னதில்லை அண்ணி. எரிகிற கட்டடத்துக்குள் போகிறீர்களே என்ற பயம். தொழிலை முன்னால் நிறுத்தி அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன். தப்புதான்.

உங்கள் நாத்தனார்

பிப்ரவரி 20

அன்புள்ள நாத்தனாருக்கு,

மூன்று விரல்.

முதல் ‘ஃபூ’வுக்குப் பன்னு முறைத்தான். இரண்டாவதுக்கு வாயைப் பிளந்தான். மூன்றாவதுக்குக் கெக்கெக்கே என்று வாய்விட்டுச் சிரித்தான்! பிறந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை. நான் சிரிக்க, என் தொடை குலுங்க, அவன் இன்னும் சிரிக்க, உன் பத்து முறை போயே போச்சு. உன் அண்ணன் கரண்டியோடு ஓடி வந்து, “என்னாச்சு, என்னாச்சு?” என்றார். அவரையும் ஊதச் சொன்னேன். அவர் ஊதினால் பயல் கொட்டாவி விடுகிறான். அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

‘உங்கள்’ என்பதற்கு ‘உன்’ என்று எழுதிவிட்டேன். அடித்து எழுத நேரமில்லை, அழுகிறான்.

அண்ணி

மே 16

அன்பு நாத்தனாருக்கு,

ஒரு விரல்தான் இறங்குகிறது! நீ சொன்னபடி மண்டியிட்டுக் கையூன்றி, ஒரு கையையும் எதிர்க் காலையும் நீட்டினால், கீழே கிடக்கும் பன்னு என் முடியைப் பிடித்துத் தொங்குகிறான். எடைப் பயிற்சி என்று வைத்துக்கொள்கிறேன்.

ஆனால் நேற்று நிலையத்தில் சும்மா ஏறிப் பார்த்தேன். பாதி ஏணியில் கால் நின்றுவிட்டது. வலி ஏதுமில்லை. “உடம்பு தாங்காது” என்று உன் குரல்தான் கேட்டது. இறங்கிவிட்டேன்.

அண்ணி

மே 21

அண்ணி,

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி சொல்கிறேன்: தாங்கும். இந்த முறை பிசியோதெரபிஸ்ட்டாகத்தான் சொல்கிறேன். மூச்சை விட்டபடி அடுத்த படியில் காலை வையுங்கள்.

நாத்தனார்

ஜூலை 11

அன்பு அண்ணி,

வாழ்த்துகள்! எப்படித் தெரியும் என்கிறீர்களா? நேற்று நிலையத்துக்கு எதிரே, செருப்புக் கடை நிழலில் நின்றிருந்தேன். என்னைப் பார்த்தால் உங்களுக்கு மறுபடி கால் நின்றுவிடுமோ என்று உள்ளே வரவில்லை. பாதி ஏணியில் ஒரு நொடி நின்றீர்கள். எனக்கு உயிரே போய்விட்டது. பிறகு உச்சிக்குப் போய்க் கையை ஆட்டினீர்கள். நான் அழுத அழுகையைப் பார்த்துக் கடைக்காரர், “செருப்பு கடிக்குதாம்மா?” என்று நாற்காலி போட்டார். அடுத்த ரயிலில் திரும்பிவிட்டேன்.

நாத்தனார்

ஜூலை 15

அடியே,

ஆறு மணி நேரம் ரயிலில் வந்து, ஒரு வாய் காபிகூடக் குடிக்காமல் போயிருக்கிறாய்! உன் அண்ணன் இரண்டு நாளாகத் திட்டிக்கொண்டிருக்கிறார், உன்னையும் என்னையும் சேர்த்து.

திங்கட்கிழமை வண்டியில் ஏறுகிறேன். பயமாகத்தான் இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது. ஞாயிறு காலைக்குள் நீ இங்கே இருக்க வேண்டும். பயல் தவழ ஆரம்பித்துவிட்டான், பிடிக்க ஆள் போதவில்லை.

இன்னொரு தரம் தெருவில் நின்று பார்த்துவிட்டுப் போனாய் என்று தெரிந்தால், குழாயைத் திருப்பித் தலையோடு கால் நனைத்துவிடுவேன். எனக்கு அதற்குச் சம்பளமே கொடுக்கிறார்கள்.

உன் அண்ணி