சாம்பல் படியும் இலைகள்

எண்ணூர்,
மார்கழி, 2003

அன்புள்ள மாமாவுக்கு,

சொக்கம்மாள் எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. அந்தமானில் உனக்கு ஒரு குறையும் வராமல் நம் கன்னியம்மா பார்த்துக்கொள்ளட்டும்.

காத்திவாக்கத்து லூயிஸ் வந்து நீ சொல்லி அனுப்பியதைச் சொன்னார். கட்டட வேலை நடக்கும் இடத்திலேயே நமக்கு அறை கிடைத்துவிட்டதாம், என்னைக் கையோடு கூட்டிவரச் சொன்னாயாம். 'இன்னாமா, துணிமணி எட்த்து வச்சியா, கப்பலு ஏற வாணாமா?' என்று வந்து வந்து கேட்கிறார், நல்ல மனுஷன். அவரிடம் இந்தக் கடிதத்தைத்தான் கொடுத்து அனுப்புகிறேன். கோபப்படாமல் முழுசாகப் படி.

நீ கப்பல் ஏறிய வருஷம் அடித்த புயலில், கண்டல் மரம் நின்ற பக்கத்துக் குடிசைகள் தப்பின. மரத்தை வெட்டின பக்கம் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. அதைக் காட்டித்தான் நம் பெண்களை ஒன்று சேர்த்தேன். கழிமுகத்தில் மிதந்து வந்த கண்டல் விதைகளைப் பொறுக்கி, வெட்டின கரை நெடுக ஊன்றினோம். குஞ்சு இறால் ஒதுங்கும் வேர்ப்பக்கம் யாரும் இறாலுக்குக் கைவைக்கக் கூடாது என்றும் பேசி முடித்தோம். அவர்களில் மங்கைதான் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றாள்.

தப்பு எங்கே நடந்தது தெரியுமா? கையால் தடவி இறால் பிடிக்கிற நமக்கு, கை வழுக்கி இறங்குகிற சேறுதான் நல்ல சேறு. இருளர் பெண்ணுக்குச் சேறு தெரியாதா என்ற வீம்பு வேறு. மெத்தென்று இருந்த இடமாகப் பார்த்து ஊன்றினோம். அது சேறே இல்லை மாமா. கரி எரித்துக் கரன்ட் எடுக்கிற ஆலையிலிருந்து தண்ணீரோடு வந்து படிந்த சாம்பல். வெயில் காலம் வருவதற்குள் அத்தனை கன்றும் அழுகிவிட்டன. 'உன் பேச்ச கேட்டு வவுறு காஞ்சதுதான் மிச்சம்' என்று என் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு, மங்கை குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போய்விட்டாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள்.

இப்போது தண்ணீரில் நான் மட்டும்தான் இறங்குகிறேன். இறால் போடும் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு தடவும்போது முன்பும் யாரோடும் பேச முடியாதுதான். ஆனாலும் பக்கத்தில் ஆள் நகர்ந்தால் தண்ணீர் நெஞ்சில் வந்து மோதும். இப்போது நான் அசைந்தால்தான் தண்ணீர் அசைகிறது. கரையேறிய பிறகும் பேச ஆள் இல்லை. பயமாக இருக்கிறது மாமா.

போன வருஷ மழைக்கு நானே மறுபடியும் விதை பொறுக்கி ஊன்றினேன். இந்தத் தடவை நண்டு வளை இருக்கிற இடமாகப் பார்த்து ஊன்றினேன். சாம்பலில் நண்டு குடியிருக்காது. பாதிக்கு மேல் பிழைத்து முழங்கால் உயரம் வந்துவிட்டன. ஆனால் ஒவ்வொரு முறை தண்ணீர் ஏறி இறங்கும்போதும் இலையில் சாம்பல் படிகிறது. கழுவிவிடாவிட்டால் வாடிவிடும். 'புள்ளையா குட்டியா, அதான் எலைய குளிப்பாட்டிகினு கீறா' என்று கரையில் போகிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நான் கப்பல் ஏறினால் இதுகளுக்கு யார் இருக்கிறார்கள், நீயே சொல்.

சூளையிலிருந்து வந்த ஆளிடம் மங்கை கேட்டு அனுப்பியிருந்தாள். 'அக்கா வச்ச கன்னுங்கோ எப்டி கீது?' என்று. அன்று வாய்விட்டு அழுதேன். சண்டை போட்டுவிட்டுப் போனவள் கேட்டாள். நீ ஒரு தடவையும் கேட்கவில்லை.

மாசி மகத்துக்கு நம் ஜனங்கள் எல்லாரும் மாமல்லபுரம் கடற்கரையில் கூடுவார்கள். புருஷன் பெண்டாட்டியாகப் போய்க் கன்னியம்மாவைக் கும்பிட்டு எத்தனை காலமாயிற்று. உன் கைக்கும் காலுக்கும் அவள் துணை இருப்பாள். எப்படியாவது வந்துவிடு மாமா. வரும்போது, திரும்பிப் போகிற நாளைக் குறித்துக்கொண்டு வராதே.

உன்
சொக்கம்மாள்