கரியடுப்பு கெட்டுப்போகவில்லை

மாமாவுக்கு,

நலம் கேட்டு எழுத மனமில்லை. கரியடுப்பைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று, "இருவது வருசமாச்சு, இதுக்கு ஆயுசு முடிஞ்சுது, எடைக்குப் போட்டுரு" என்றீர்களே, அந்த அடுப்பை அனுப்பர்பாளையத்தில் ஒரு பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பட்டறைக்காரர் கவிழ்த்துப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"ஏனுங்கக்கா, பாலியஸ்டர் துணி வேஸ்ட்டப் போட்டு யாருங்க பத்த வெச்சது? உருகி அடிக்கம்பிச் சந்தெல்லாம் அடைச்சுக் கெடக்குதுங்க. அடுப்புக்கு ஒண்ணுமில்லீங்க. இன்னும் இருவது வருசம் எரியுமுங்க."

யார் பற்ற வைத்தது? தினமும் சாம்பல் தட்டி, மாதம் தவறாமல் உள்ளே மண் பூசி, சூட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் காத்தவள் நான். பற்ற வைக்க பனியன் கம்பெனிப் பருத்தி வேஸ்ட் தவிர வேறெதையும் வைத்ததில்லை. ஒரே ஒரு நாள் நீங்கள் டீ போட்டீர்கள். அன்றிலிருந்துதான் புகை. பழி மட்டும் அடுப்பின் வயசு மேல்!

கம்பியைச் சுரண்டிக் கொடுத்துவிட்டார். நேற்றுச் சோறு வைத்தேன். பற்ற வைக்க வீட்டில் பருத்தி வேஸ்ட் இல்லை. இருவரும் மனமொத்துப் பிரிவதாக எழுதி, என் கையெழுத்துக் கேட்டு வக்கீலிடம் கொடுத்தனுப்பினீர்களே, அந்தக் காகிதம் நன்றாகவே பற்றியது.

இப்படிக்கு,
இப்போதும் உங்கள் மனைவி