மூவாயிரத்து முந்நூறு வோல்ட்

மார்ச் 4
நீரேற்று நிலையத்தின் புது ஜெனரேட்டரை அளக்கும் வேலை எனக்கே வந்துவிட்டது. ஊருக்குத் தண்ணீர் தூக்கும் பம்புகளை ஓட்டப்போகிற இயந்திரம். மூன்று ஃபேஸ், மூவாயிரத்து முந்நூறு வோல்ட். என் அளவுப் போர்டில் இருக்கும் மைக்ரோகன்ட்ரோலர் சில்லோ மூன்று வோல்ட்டுக்குமேல் கொஞ்சம் கூடினாலே கருகிவிடும். யானையைப் பொன் தராசில் நிறுக்க வேண்டும். நிறுத்துவிடலாம்.

அங்கே தலைமை எலக்ட்ரீஷியன், அக்கா வீட்டுக்காரர்.

மார்ச் 9
வாக்குவாதம். "வரிசையா நாலு ரெசிஸ்டர் போட்டு வோல்டேஜைக் குறைச்சா முடிஞ்சுது. ஃபேஸுக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மர் எதுக்கு?" என்றார் அத்தான்.

"ரெசிஸ்டர் போச்சுன்னா மொத்தமும் போர்டு வழியா என் லேப்டாப்புக்கு வந்துரும் அத்தான். டிரான்ஸ்ஃபார்மர்னா அந்தப் பக்கத்துக்கும் இந்தப் பக்கத்துக்கும் கம்பித் தொடர்பே கிடையாது."

"உன் வயசு என் சர்வீஸ்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் விட்டுக்கொடுக்கவில்லை. அதோடு என்னிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

மார்ச் 10
அக்கா போனில்: "நாலு பேர் முன்னாடி அவரை அப்படி மடக்கணுமாடி?"
மடக்கத்தான் வேணும்.

மார்ச் 17
ஜெனரேட்டரை நிறுத்தி, பூட்டி, மின்சாரம் இல்லையென்று சோதித்த பிறகே டிரான்ஸ்ஃபார்மர்களை இணைத்தோம். ஒவ்வொன்றுக்கும் ஃப்யூஸ், லேப்டாப் பக்கத்துக்கு எர்த். வோல்டேஜ் வரம்பு தாண்டினால் ஜெனரேட்டரை நிறுத்தும்படி என் போர்டையும் இணைத்தோம். பூட்டுச் சாவியை அத்தான் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மார்ச் 19
நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

முதல் ஓட்டம். திரையில் மூன்று அலைகளும் ஒன்றையொன்று துரத்தின, அத்தனை அழகு. அத்தானுக்கே ஆர்வம் தாங்கவில்லை. குனிந்து லேப்டாப்பின்மேல் கை ஊன்றிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து, வோல்டேஜைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டருக்குப் போகும் ஒயர் ஒன்று அதிர்வில் கழன்றிருக்கிறது — வோல்டேஜ் எகிறியது. மூவாயிரத்து ஐந்நூறு, நாலாயிரம்... நிறுத்தும் பொத்தானை நோக்கிப் பாய்ந்தேன். அதற்குள் என் போர்டே ஜெனரேட்டரை நிறுத்திவிட்டது.

அத்தான் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றார். "சுரீர்னுகூட இல்லம்மா."

கழிவறைக்குப் போய் அழுதேன். எதுக்கு இந்த அழுகை? ஜெயிச்சதுக்கா? இல்ல — ரெசிஸ்டர் போட்டு அது போயிருந்தா அந்தக் கை என்னாயிருக்கும்? அக்கா முகம்தான் கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு.

மார்ச் 26
ஒயரை இறுக்கி, மறுபடி ஓட்டியாயிற்று. தண்ணீர் ஏறுகிறது. வோல்டேஜ் மூவாயிரத்து முந்நூறைவிட்டு அசையவில்லை.

ஏப்ரல் 2
இரண்டாவது ஜெனரேட்டருக்கு டிரான்ஸ்ஃபார்மர் வரத் தாமதமாம். "அதுவரைக்கும் ரெசிஸ்டர் போட்டு ஒப்பேத்தலாமே?" என்றார் நிலைய மேலாளர். நான் வாயெடுக்குமுன் அத்தான் முந்திக்கொண்டார்.

"ஆகாது சார். டிரான்ஸ்ஃபார்மர் வரட்டும், அப்புறம் நாங்க கை வைக்கிறோம்."

நாங்க!

வெளியே வந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "ஞாயித்துக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வா. உங்கக்கா இன்னும் கோவமாத்தான் இருக்கா. நான் பேசிக்கிறேன்."