மரியா அம்மாவுக்குச் சொன்ன ‘நல்லாயிரு’

திட்டித் திட்டியே நான் வளர்த்த என் தம்பி சேகருக்கு,

உன் செல்போன் இப்போது திண்டிவனத்தில், என் பட்டறையில் இருக்கிறது. லிஸ்பனிலிருந்து உன் அஸ்தியோடு விழுப்புரத்தில் உன் வீட்டுக்கு வந்த பெட்டியில் இருந்தது. உன் மனைவி கலா அதைத் தொட மாட்டேன் என்றுவிட்டாள். நான் எடுத்துவந்தேன்.

அதில் நீ பதிந்து வைத்த குரலில் பேசிக்கொண்டே இருக்கிறாய். உனக்கு அறை கொடுத்த மரியா அம்மா போர்ச்சுகீசில் ஒரு சொல்லைச் சொல்கிறார். நீ திருப்பிச் சொல்கிறாய். ‘ஒப்ரிகாது’ என்றால் நன்றி. பெரிய உதவிக்கு ‘முயிந்து ஒப்ரிகாது’. நடுவில் நீ இருமுகிறாய். நான் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கையை நிறுத்தித் திரும்பிப் பார்க்கிறேன். உன் ஸ்டூல் காலியாக இருக்கிறது.

எரிந்த மோட்டார்களைப் பிரித்துப் பார்த்துத்தானே நான் தொழில் கற்றேன்? இதையும் அப்படித்தான் கற்றேன். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன்.

“இன்னா மேஸ்திரி, இந்த வயசுல இந்தி கத்துக்கினு இருக்கீங்களா?” என்றார் மோட்டார் எடுக்க வந்தவர்.

“ஆமாய்யா, டெல்லிக்குப் போறேன். நீ மோட்டார ஏத்திக்கினு ஜல்தி கெளம்பு.”

ஆஸ்பத்திரியில் கடைசிவரை உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மரியா அம்மா. அந்த இடம் என்னுடையது. பாஸ்போர்ட்கூட இல்லாத அண்ணன் இங்கே கிடக்க, யாரோ ஒருவர் உன் வாயில் தண்ணீர் விட்டாரே என்று ஆத்திரம்தான் வந்தது. அவர் கூப்பிட்டபோதெல்லாம் பேச மறுத்தேன்.

பிறகுதான் நீ கலாவுக்கு அனுப்பியிருந்த குரல் பதிவு ஒன்றைக் கேட்டேன்.

“இந்தம்மா மலைப்பக்கத்து ஊருடி. அங்க பெரியவங்க நன்றின்னு சொல்ல மாட்டாங்களாம், ‘பைன் ஆஜா’ம்பாங்களாம். நல்லாயிருன்னு அர்த்தம். நம்ம ஊர் மாதிரியே. அண்ணன் அந்த ஒரு வார்த்தைய சொல்லி அனுப்பியிருக்கலாம் இல்ல?”

நீ கிளம்பிய அன்று பட்டறை வாசலில் என் காலில் விழுந்தாய். நான் தலை நிமிரவில்லை. “போறவன் போ” என்றேன். பட்டறையை விட்டுப் போனது தப்பு என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் அந்த வார்த்தையை ஏன் விழுங்கினேன்? சொல்லியிருந்தால்?

போன ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் இருந்தபோது மரியா அம்மா வீடியோவில் கூப்பிட்டார். உன் மகள் தேன்மொழியிடமிருந்து போனை நானே கேட்டு வாங்கினேன். ஒப்ரிகாதுவும் முயிந்துவும் மறந்துபோயின. “பைன் ஆஜா” மட்டும் வந்தது.

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். “சேகர்” என்றார்.

உன்னிடம் கற்றதாயிற்றே. உன் மாதிரியே வந்திருக்கிறது. எனக்கும் அப்படித்தான் கேட்டது. என் தொண்டையிலிருந்து நீ பேசியது போல. கலா அடுக்களையிலிருந்து ஓடிவந்து நின்றாள்.

அவருக்குச் சொன்னது அவருக்குத்தான், சேகர். உனக்குரியது இன்னும் என்னிடமே இருக்கிறது. போய்ச் சேர்ந்தவனுக்கு ‘நல்லாயிரு’ என்று எப்படிச் சொல்வது?

தேன்மொழி அடுத்த மாதம் படிக்கச் சென்னைக்குப் போகிறாள். எனக்குப் பிடிக்கவில்லை. வேண்டாம் என்று கடைசிவரை சண்டை போடுவேன். ஆனால் அவள் காலில் விழும்போது கையிலிருக்கும் காயிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்பேன். அந்த வார்த்தையை அவள் காதில் விழும்படி சொல்லித்தான் அனுப்புவேன்.

தலை நிமிராமல் உன்னை அனுப்பிய,
உன் அண்ணன்